எழுந்தால் திரும்பும் இருக்கை

என் மனைவியின் அண்ணன் இரண்டாவது ஓட்டல் திறக்கப்போகிறார். நான் செய்துகாட்டும் மாதிரி அவருக்குப் பிடித்தால்தான் இருக்கைகளுக்கான ஆர்டர் எனக்கு. தரையில் பொருத்திய ஒற்றைக்கால் இருக்கையில் சாப்பிட வருகிறவர் பக்கவாட்டில் திரும்பி உட்காரலாம். அவர் எழுந்து போனதும் அது தானாக மேஜையைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டும். இதுதான் மச்சானின் நிபந்தனை.

ஸ்பிரிங் வைத்தால் நாளடைவில் தளர்ந்துவிடும் என்று, காலுக்குள் சரிவாக வெட்டிய இரண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். இருக்கையைத் திருப்பினால் மேலேறும். பாரம் அழுத்தினால் சறுக்கித் தன் இடத்துக்கு வரும். பட்டறையில் நானே உட்கார்ந்து பார்த்தேன். வெண்ணெயாகத் திரும்பியது.

ஓட்டலில் மச்சான் உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பக்கவாட்டில் திரும்பினார். இருக்கை அவரை மறுபடி மேஜைக்கே கொண்டுவந்தது.

"என்ன மாப்ள, இது என்னை விடமாட்டேங்குது?"

மேஜையைப் பிடித்து, மறுபடி பக்கவாட்டில் திரும்பி ஒருவழியாக எழுந்தார். காலி இருக்கையோ கோணலாகவே நின்றது, அழுத்தத்தான் பாரம் இல்லையே. ஆளில்லாமல் ஒருமுறை திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"ஆள் இருந்தா வேலை செய்யுது, ஆள் நகர்ந்தா சும்மா நிக்குது. என் பழைய கடை சப்ளையர்கிட்ட வேலை பழகிச்சா?"

"பாரத்துக்கு அடியில இரும்புத் தட்டு வச்சா சரியாயிடும் மச்சான்."

"அப்ப உட்கார்றவன இன்னும் வேகமா திருப்பும். பேசாம ஒரு போல்ட் போட்டு இறுக்கு."

இறுக்கினேன். உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார்; அசையவில்லை.

"இது இருக்கை. எல்லாத்தையும் இப்படியே செஞ்சிடு. இதுக்கா இத்தனை மாசம்?"

"அப்ப உள்ள இருக்கிற ரெண்டு வளையத்தையும் எடுத்துடவா?"

"கெடக்கட்டும் மாப்ள. யாரு பாக்கப்போறா?"