அடியில் உட்காராத சொல்

என் குரல் நல்ல குரல். பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். புத்தெயோலி துறைமுகத்தில் கல்வீசியஸ் வீட்டு விருந்துக்கு வந்தவர்கள் நத்தை வேகவில்லை என்பார்கள், திராட்சை மது தண்ணீராக இருக்கிறது என்பார்கள், ஆனால் இந்தச் சோசிமேயின், அதாவது என் வாசிப்பை மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. கல்வீசியஸ்தான் என்னைச் சிறுமியாக விலைக்கு வாங்கி, எழுத்துச் சொல்லிக்கொடுத்து, பின்னாளில் அடிமைத்தளையிலிருந்து விடுதலையும் கொடுத்தவர். விடுதலையாம் விடுதலை! விருந்து நடக்கும் நாளெல்லாம் நான் வந்து அவருடைய காவியத்தை வாசித்தாக வேண்டும். அவர் சாகும்வரை அப்படித்தான்.

அந்தக் காவியத்தைப் பற்றி என்ன சொல்ல? மனிதர் வாழ்நாளெல்லாம் மீன் சாறு காய்ச்சி விற்றுச் சம்பாதித்தவர். வயதானதும் கவிப்பித்துப் பிடித்துவிட்டது. கதாநாயகன் ஒரு நகரத்தை நிறுவப் பிறந்தவன். வழியில் கப்பல் உடைகிறது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் அவனைக் கரையிலிருந்து இழுத்துப் போட்டுப் பிழைக்க வைக்கிறாள். இருவரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். சந்தோஷமாக இருந்தால் காவியம் எப்படி நகரும்? உடனே வானத்திலிருந்து தூதன் வருகிறான், விதி அழைக்கிறது என்கிறான், இவன் மூட்டையைக் கட்டிவிடுகிறான். நம் ஊர்க் காவியங்கள் எல்லாவற்றிலும் இதே கூத்துதான். விதிக்கு ஒரு நகரம் வேண்டும், அதற்கு ஒரு பெண் அழ வேண்டும். எனக்கு அந்தக் கதாநாயகனைக் கண்டாலே ஆகாது.

ஒரு விருந்து நாள் காலையில் கல்வீசியஸ் என்னை உட்கார வைத்துப் புதுப் பகுதியைப் பழக்கினார். பிரிவுக் கட்டம். உப்பளத்துக்காரி அவனைப் பார்த்து, "போ" என்கிறாள்.

"ஐயா, இந்தப் பொம்பளை 'போ'ன்னு சொல்ல மாட்டா," என்றேன்.

"பின்னே என்ன சொல்லுவா?"

"'இரு'ன்னு சொல்லுவா. காலைக் கட்டிக்கிட்டுச் சொல்லுவா."

அவர் விரலை மடக்கி மடக்கி அடியை எண்ணிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "'இரு' ரெண்டும் குறில். அடி இடிக்குது பொண்ணே. 'போ' ஒத்தை நெடில், கச்சிதமா உட்காருது. நீ அழுதுகிட்டே படி, போதும்."

நானும் சரி என்றேன். யாரோ ஒரு உப்பளத்துக்காரி எக்கேடு கெட்டால் எனக்கென்ன? என் மனம் முழுக்க அன்றைக்கு வேறொன்று இருந்தது.

அது ஔலஸ். கல்வீசியஸின் கடைசி மகன். நானும் அவனும் எத்தனை காலமாக உயிராக இருந்தோம் என்று அந்த வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும், அப்பாவுக்கு மட்டும் தெரியாது. ஆப்பிரிக்கக் கரையில் புதிதாக அமையும் குடியேற்ற ஊருக்கு முதல் தலைக்கட்டுகளில் ஒருவனாக அவனை அனுப்ப அவர் முடிவு செய்திருந்தார். மறுநாள் கப்பல். நாங்கள் முடிவு செய்தது வேறு. நேயாபொலிஸ் நகரில் ஒரு ரொட்டிக் கடைக்கு மாடியில் ஓர் அறை. கீழே அடுப்பு எரிவதால் குளிர்காலத்தில் தரை சூடாக இருக்கும். ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிக்கொடிதான் தெரியும். அதுவே எனக்கு ராஜ்ஜியமாகத் தெரிந்தது.

"இன்னிக்கு விருந்துல சொல்லிடறேன் சோசி," என்றான் மதியம், சமையல்கட்டுப் பின்வாசலில். "நாலு பேர் முன்னால சொன்னா அப்பா கத்த மாட்டார்."

"நீயா? உங்கப்பா தும்மினாலே எழுந்து நிக்கிற ஆளு நீ."

"கிண்டல் பண்ணாதடி. உள்ளே நுழையும்போதே சொல்லிடறேன். உட்கார்ந்தா தைரியம் போயிடும். 'நான் போகல, சோசிமேயைக் கட்டிக்கப் போறேன்.' அவ்வளவுதானே?"

"எங்க, இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். குரல் நடுங்கவில்லை. நான் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வெயில் சாயும் முன்பே விருந்து தொடங்கிவிட்டது. மஞ்சங்களில் சாய்ந்து கிடந்தார்கள் பெரியவர்கள். முதல் மஞ்சத்தில் பெர்பென்னா, ஆட்டு ஈரல் பார்த்துக் குறி சொல்லும் கிழவர். ஔலஸின் இடம் காலியாக இருந்தது. நான் வாசிக்க ஆரம்பித்தேன். கண் காவியச் சுருளில், காது வாசலில். கொஞ்ச நேரம் கழித்து செருப்புச் சத்தம் கேட்டது. எனக்கு அந்த நடை தெரியும். ஆனாலும் நாக்கு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பாட்டில் உப்பளத்துக்காரி நிமிர்ந்து நின்றாள், கண்ணைத் துடைத்தாள். ஔலஸ் வலது காலை வாசற்படியில் வைத்து, சொல்ல வாயைத் திறந்தான்.

"போ," என்று நான் வாசித்தேன்.

அழுதுகொண்டே, நல்ல குரலில்.

 ஒருவர் கையிலிருந்த அத்திப்பழத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நிறுத்திவிட்டார். பெர்பென்னா முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"சகுனம்," என்றார். "பிரயாணம் நிச்சயிச்சவன் படியில கால் வைக்கிறான், 'போ'ங்குது தெய்வம். இதைவிடத் தெளிவா நான் எந்த ஈரல்லயும் பார்த்ததில்ல."

"ஐயோ, அது பாட்டுல வர்ற வரி!" என்று கத்திவிட்டேன். "நான் யாரையும் போகச் சொல்லல!"

"அதனாலதாம்மா அது சகுனம்," என்றார் கிழவர், ரொம்பப் பொறுமையாக. "நீ அவனைப் பார்த்து, வேணும்னு சொல்லியிருந்தா அது உன் பேச்சு. நீ அறியாம சொன்னே. அப்ப அது உன் பேச்சே இல்ல."

 நான் மனதாரச் சொல்லாததால்தான் அது பலிக்குமாம். என் வாய், என் நாக்கு, என் அழுகை, எல்லாம் என்னுடையது. சொல் மட்டும் தெய்வத்துடையது. தெய்வத்துக்கு வேறு வாயா கிடைக்கவில்லை?

ஆனாலும் என் உயிர் முழுக்கப் போய்விடவில்லை. காதில் விழுந்த சகுனம் தானாகப் பலிக்காது என்பது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். கேட்டவன் வாய்விட்டு 'ஏற்றேன்' என்று சொன்னால்தான் அது கட்டும். 'எனக்கு வேண்டாம்' என்று தள்ளிவிட்டால் அது வெறும் காற்று, எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது. மண்டபத் தூணில் உட்கார்ந்து அலறிய ஆந்தையின் சத்தத்தை 'எனக்கு வேண்டாம்' என்று தள்ளிவிட்டுப் போய் மீன் சாறு விற்றவர்தான் இந்தக் கல்வீசியஸே.

பெர்பென்னா முறைப்படி கேட்டார். "ஔலஸ், ஏத்துக்கறியா, தள்ளறியா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தள்ளிவிடு, தள்ளிவிடு என்று என் உடம்பெல்லாம் கெஞ்சியது. வாயைத் திறக்க எனக்குப் பயம். இன்னொரு சொல் விழுந்து அதையும் எவனாவது பிடித்துக்கொண்டால்? ஔலஸ் என்னைப் பார்க்கவில்லை, தன் அப்பாவைப் பார்த்தான். அப்பா எழுந்து நின்றிருந்தார். கண்ணில் நீர், இரண்டு கையும் மகனை நோக்கி நீண்டிருந்தது.

"ஏற்றேன்," என்றான் ஔலஸ்.

கல்வீசியஸ் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார். "என் பாட்டு! என் பாட்டு என் பிள்ளைக்கு வழி சொல்லுச்சு!" என்று குழறினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நிறுத்தாதே பொண்ணே, மீதியைப் படி," என்றார்.

படித்தேன். என்ன செய்ய? உப்பளத்துக்காரி உப்புக் குவியல்மேல் ஏறி நின்று, பாய்மரம் மறைகிறவரை பார்த்து, மண்ணில் விழுந்து புரண்டு அழுகிற அத்தனை அடியையும் படித்தேன். என் குரல் உடைந்த இடத்திலெல்லாம் 'பேஷ், பேஷ்' என்றார்கள். ஒருவர் மூக்கைச் சிந்தினார். என்னமாய் நடிக்கிறாள் என்று பக்கத்து மஞ்சத்தில் சொன்னது என் காதில் விழுந்தது.

முடிந்ததும் ஔலஸை உள்முற்றத்துத் தொட்டியருகே பிடித்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது.

"ஒரு வார்த்தை. 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை. உன் வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"விதி, சோசி."

"விதியை இழுக்காதே. உன்னைக் கேட்டாங்க. ஏத்துக்கறியா தள்ளறியான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க."

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "தள்ளத்தான் நினைச்சேன். சத்தியமா. ஆனா எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. அப்பா... பொறந்ததுலேர்ந்து அப்பா என்னை அப்படிப் பார்த்ததில்ல. நான் ஏதோ பாட்டுல வர்ற ஆள் மாதிரி."

"அதுக்கா? அந்தப் பார்வைக்கா என்னை வித்தே?"

"அதுக்குத்தான்னு நினைக்கிறேன்."

"அப்ப அதைச் சொல்லு. விதின்னு சொல்லாதே."

"விதின்னு சொன்னாத்தான்டி என்னால தாங்க முடியும்," என்றான், அழுதான்.

அவனை அடிக்கத்தான் கை ஓங்கினேன். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தலையில் வைத்துத் தடவினேன். சீ, என்ன பிறவி நான்! "என்னையும் கூட்டிட்டுப் போயிடு," என்று கெஞ்சினேன். ஊர் நிறுவப் போகிறவன் விடுதலை பெற்றவளோடு இறங்க முடியாதாம். அங்கே அவனுக்கு ஒரு பெண்ணைக்கூடப் பார்த்து வைத்திருக்கிறாராம் அப்பா. அதையும் அவனே சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை துறைமுகத்தில் ஊரே கூடியிருந்தது. பலி கொடுத்து, மது ஊற்றி, புகை போட்டார்கள். கல்வீசியஸ் வெள்ளை அங்கியில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். கூட்டம் வழிவிட, ஔலஸ் பலகைமேல் நடந்தான். போகவே கூடாது என்று நினைத்திருந்த நான் எப்படியோ முன்வரிசைக்கு வந்துவிட்டேன். வைவதற்கா, வாழ்த்துவதற்கா என்று எனக்கே தெரியவில்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

"ஔலஸ்!"

அவன் முதுகு விறைத்தது. நின்றான். கேட்டுவிட்டது, திரும்புவான் என்று நினைத்தேன். அங்கியின் முனையை இழுத்துத் தலையைச் சுற்றிப் போர்த்தி, இரண்டு கையாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டு, விடுவிடுவென்று கப்பலுக்குள் போனான். கிளம்பும் நேரத்தில் என் வாயிலிருந்து வேறொரு சகுனம் காதில் விழுந்துவிடக்கூடாதாம்.