பூஜ்ஜியம் இல்லாத ஆந்தை

ஏழாம் வகுப்பின் கடைசி நாளன்று ஸ்வர்ணலதா டீச்சர் கொடுத்த கோடை விடுமுறை வேலை, கேட்பதற்கு விளையாட்டைப் போல இருந்தது. வகுப்பு நூலகத்திலிருந்து ஆளுக்கொரு புத்தகம் எடுத்துப் போக வேண்டும். படித்து முடித்ததும் அதில் வரும் ஒரு பொருளையோ பிராணியையோ கட்டம் போட்ட தாளில் வரைந்து, அந்தப் படத்தை எண்களாக மாற்ற வேண்டும். தாளில் எந்த இடத்தையும் இரண்டு எண்களால் சொல்லிவிடலாம் அல்லவா? வலப்பக்கம் மூன்று, மேலே ஐந்து என்றால் (3, 5). இப்படி எழுதிய எண் ஜோடிகளை மட்டும் கூட்டாளிக்குச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்க்காத கூட்டாளி, எண்களை வைத்தே அதை வரைந்து, எந்தப் புத்தகம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"நூறு ஜோடிக்கு மேல போகக் கூடாது," என்றார் டீச்சர். "மேல ரெண்டு வரி குறிப்பு எழுதிக்கலாம். போன்ல பேசிக்கலாம், ஆனா எண்ணைப் பத்தி மட்டும்தான். ஸ்கூல் தொறந்ததும் உங்க எண்களை வேற ஒருத்தர் கையில கொடுத்து போர்டுல வரையச் சொல்வேன். நீங்க வாயைத் தொறக்கக் கூடாது. ரெண்டு பேர் படமும் சரியா வந்து, வகுப்பே புத்தகத்தோட பேரைச் சொல்லிடுச்சின்னா, அடுத்த வருஷம் நூலகச் சாவி அந்த ஜோடிகிட்ட."

காவ்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தச் சாவி வேண்டும்.

நூலகம் என்றால் வகுப்பின் மூலையில் நிற்கும் ஒரு பச்சை பீரோதான். முடிந்த ஆண்டு முழுவதும் அதன் சாவி கோகுல்ராஜிடம் இருந்தது. அவன் கெட்டவன் இல்லை; மறதிக்காரன். மதிய இடைவேளையில் பீரோவைத் திறக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பாதி நாள் சாவி அவன் வீட்டில் இருக்கும், மீதி நாள் அவன் கிரிக்கெட் மைதானத்தில் இருப்பான். காவ்யா ஒரு துப்பறியும் கதையில் திருடன் யார் என்று தெரிய வேண்டிய பக்கத்தில் அடையாளம் வைத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, மீதியைப் படிக்கப் பொங்கல் விடுமுறை தாண்டியும் காத்திருந்தாள். சாவி தன் கையில் இருந்தால் பீரோ ஒரு நாளும் பூட்டிக் கிடக்காது.

அவளுடைய கூட்டாளி கனிமொழி. பெரணமல்லூர் போகும் வழியில் உள்ள ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து ஆரணியில் படிப்பவள். அப்பா துரை செய்யாறில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வீட்டில் போன் அவரிடம்தான். அவர் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய பிறகே தோழிகள் பேச முடியும்.

காவ்யா எடுத்துப் போன புத்தகம், வௌவால்களுக்கு இரவுப் பள்ளிக்கூடம் நடத்தும் ஓர் ஆந்தையின் கதை. தலைகீழாகத் தொங்கும் மாணவர்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்க ஆந்தை படும் பாட்டைப் படித்து அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். ஆந்தையையே வரைவது என்று முடிவு செய்தாள். நேராகப் பார்க்கும் முகம், பெரிய இரண்டு கண்கள், நடுவில் மூக்கு.

வரைவது அவளுக்குப் பெரிய வேலை இல்லை. அப்பா தனசேகரன் தறிக்காரர்களுக்குப் புடவை டிசைன் போட்டுத் தருபவர். முன்னறையில் கம்ப்யூட்டர் திரை முழுவதும் எந்நேரமும் கட்டங்கள்தான். துணி என்பது நீளவாக்கில் ஓடும் இழைகளும் குறுக்கே ஓடும் இழைகளும் சந்திப்பதுதானே. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு கட்டம். அங்கே சரிகை தெரிய வேண்டும் என்றால் கட்டத்தை நிரப்ப வேண்டும். வேண்டாம் என்றால் வெறுமையாக விட வேண்டும். மயிலோ மாங்காயோ, எல்லாம் இப்படி நிரப்பிய கட்டங்களின் கூட்டம்.

இன்னொரு வசதியும் உண்டு. இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும் உருவம் என்றால் பாதியை மட்டும் போட்டால் போதும். எந்த இழை எழ வேண்டும் என்று பார்த்துத் தூக்க, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஒரே கொக்கியில் இரண்டு இழைகளைக் கட்டியிருப்பார்கள், வலப்பக்கம் ஒன்று, அதற்கு நேரான இடப்பக்கம் ஒன்று. கொக்கியைத் தூக்கினால் இரண்டும் சேர்ந்து எழும். வலது பாதியைச் சொன்னால் இடது பாதியைத் தறியே போட்டுக்கொள்ளும்.

முழு ஆந்தைக்கு நூற்றைம்பது கட்டங்களுக்கு மேல் தேவைப்பட்டது. பாதி ஆந்தை நூறுக்குள் அடங்கியது. காவ்யா பாதியை எழுதினாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஆந்தையா? இத்தப் புடவையில போட்டு கல்யாணத்துக்கு எடுத்தா, முகூர்த்தத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழுந்து போயிடுவாங்க."

"இது புடவைக்கு இல்லப்பா. ஸ்கூலுக்கு."

"அப்ப சரி. ஸ்கூல்லேருந்து யாரும் எழுந்து போவ முடியாது."

அன்று மாலை போனில் காவ்யா எண்களை வாசிக்க, கனிமொழி எழுதிக்கொண்டாள். பிறகு கனிமொழி தன் எண்களை வாசித்தாள். அவளுடையது ஒன்பதே ஜோடிகள்.

"அவ்ளோதானா?" என்றாள் காவ்யா.

"அவ்ளோதான். உன்னுது மாதிரி கை வலிக்க வலிக்க எழுத வெக்கிற ஆள் நான் இல்ல."

மறுநாள் மாலை போன் வந்தது.

"ஏய் காவ்யா, இன்னாடி அனுப்பிச்சிருக்கே? நேத்துலேருந்து ஒரே பேஜாரா இருக்குது. வரிசையா சேத்துகினே வரேன், கயித்துக் கட்டில் மாதிரி வந்துகினு இருக்குது."

"கட்டிலா?"

"அதுவும் ஒரு பக்கம் அறுந்து போன கட்டில். கதையில யாராவது கட்டில்லேருந்து வுழறாங்களா?"

"எண்ணைப் பத்தி மட்டும்தான் பேசணும்."

"சரி, எண்ணைப் பத்தியே கேக்கறேன். தொண்ணூறு எண்ணை வெச்சிகினு ஒரு கட்டில் போடறதுக்கு உனக்கு இன்னா அவசியம்?"

"உன்னுது மட்டும் இன்னா வாழுது? ஒன்பது கட்டத்தை நிரப்பினேன். அம்மை போட்ட மாதிரி இருக்குது. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க."

"நிரப்பினியா? எதுக்குடி நிரப்பினே? புள்ளி வெச்சி இழுக்கணும்."

"எதுக்கு இழுக்கணும்? நிரப்பணும்."

கனிமொழியின் அம்மா ஆதிலட்சுமி அடுப்படியிலிருந்து, "ஜல்தியா பேசி வைடி, அப்பாவுக்கு போன் சார்ஜ் போடணும்," என்றது காவ்யாவுக்கும் கேட்டது.

கனிமொழி புள்ளிக் கோலம் போட்டுப் பழகியவள். அவளுக்கு எண் ஜோடி என்றால் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம். அங்கே புள்ளி வைத்து அடுத்த புள்ளிக்குக் கோடு இழுக்க வேண்டும். காவ்யாவுக்கு எண் ஜோடி என்றால் ஒரு கட்டம்; அதை நிரப்ப வேண்டும். தாள் ஒன்றுதான், எண்களும் ஒன்றுதான்.

கனிமொழியின் ஒன்பது எண்களைப் புள்ளிகளாக வைத்து வரிசையாக இழுத்தாள் காவ்யா. ஒரு பாய்மரப் படகு வந்து நின்றது. புயலில் தொலைந்த படகைத் தேடிப் போகும் இரட்டையர் கதை. அழகாக, சிக்கனமாக இருந்தது. காவ்யாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை.

ஆனால் அவளுடைய ஆந்தை அவ்வளவு எளிதாக வரவில்லை. பாதி மட்டும் என்பதை எண்ணாகச் சொல்ல வழி தெரியவில்லை; டீச்சர் சொன்ன இரண்டு வரிக் குறிப்பு அப்போது நினைவுக்கு வரவில்லை. படத்தைப் பற்றிப் பேசினால் விதி மீறல். பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது துரை ஆரணிக்கு ஏதோ வேலையாக வந்தார். கனிமொழியும் கூடவே வந்தாள், கையில் சுருட்டிய தாளுடன்.

"வாங்க, உக்காருங்க," என்று தனசேகரன் துரைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இதுங்க ரெண்டும் போன்ல போட்ட சண்டையில எனக்கு நாலு டிசைன் தப்பாப் போச்சி."

"எங்க வீட்லயும் அதே கதைதாங்க," என்றார் துரை. "தூக்கத்துல கூட மூணு, அஞ்சுன்னு சொல்லிகினு இருக்குது."

டீ வந்தது. அப்பாக்கள் இருவரும் செய்யாறு பஸ்ஸைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். தோழிகள் தரையில் தாளை விரித்தார்கள்.

தாளின் ஓரம் முழுக்க அழித்து அழித்துத் தேய்ந்திருந்தது. கனிமொழி கயிற்றுக் கட்டிலை விட்டுவிட்டு வேறு வழி முயன்றிருந்தாள். கட்டத்தை நிரப்பக் கை வராமல், கோடும் இழுக்காமல், கோடுகள் வெட்டும் இடங்களில் புள்ளிகளை மட்டும் வைத்திருந்தாள். "எல்லாம் ஒரே பக்கமா கீதேன்னு பாத்தேன். ஒரு கண்ணு மாதிரி தெரிஞ்சிது. ஒரு கண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கணுமில்ல? அதான் அந்தப் பக்கமும் அதே மாதிரி வெச்சேன்."

காவ்யா மூச்சை இழுத்தாள். புள்ளிகளாலான ஓர் ஆந்தை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் நெற்றியிலிருந்து கால் வரை நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. கத்தியால் நேராக அறுத்துத் தள்ளி வைத்ததைப் போல, மூக்கு இரண்டு துண்டாக நின்றது.

"எல்லாப் புள்ளியும் பக்கத்துப் புள்ளியிலேருந்து ஒரு கட்டம் தள்ளி இருக்குது," என்றாள் கனிமொழி. "நடுவுல மட்டும் ரெண்டு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. இந்த ஓட்டை எங்கேந்து வந்துது?"

காவ்யா தன் படத்தை எடுத்து அருகில் வைக்கலாமா என்று யோசித்தாள். ஆந்தை வந்துவிட்டதால் எந்தப் புத்தகம் என்று கனிமொழிக்குத்தான் தெரிந்துவிட்டதே. வைத்தாள். அதில் பட்டை இல்லை. வலப்பக்கத்தின் முதல் கட்டத்தை நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் திருப்பிப் போட்டால் இரண்டு கட்டங்களும் தோளோடு தோள் உரசும்.

"உன் தாள்ல நடுக்கோட்டுக்கு இன்னா நம்பர்?" என்று கேட்டாள் காவ்யா.

"சைபர்."

"என்னுதுல சைபரே இல்லடி. முதல் இழை ஒண்ணு, அடுத்தது ரெண்டு. சைபராவது இழைன்னு ஒண்ணு கிடையாது. நடுவுல இருக்கறது ரெண்டு இழைக்கு இடையில இருக்கற வெறும் இடம்."

கனிமொழி இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். விரல்களை எண்ணும்போது ஒன்றில் தொடங்குகிறோம். அடிக்கோல் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது. விரல் ஒரு பொருள், அடிக்கோலின் கோடு ஓர் எல்லை. கட்டத்தை எண்ணுபவருக்குப் பூஜ்ஜியம் தேவையில்லை, கோட்டை எண்ணுபவருக்கு அது இல்லாமல் முடியாது.

"அப்ப உன் ஆந்தை சைபர் இல்லாத ஊர்லேருந்து வந்திருக்குது," என்றாள் கனிமொழி. "அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"எனக்கே இப்பதான் தெரியுது."

குறிப்பு இரண்டு வரிதான். பத்து முறை எழுதி அடித்தார்கள். கடைசியில் நின்றது இது: 'கோட்டில் புள்ளி வைக்காமல் கட்டத்தை நிரப்பவும், நடுக்கோட்டை ஒட்டிய கட்டம் 1. முடித்ததும் நடுக்கோட்டின் இடப்பக்கமும் கண்ணாடியில் தெரிவது போல அதையே நிரப்பவும்.' படகின் தாளில் ஒரே வரி: 'புள்ளிகளை வரிசையாகக் கோட்டால் சேர்க்கவும்.'

பள்ளி திறந்த அன்று கணக்குப் பாடவேளையில் கட்டம் போட்ட கரும்பலகை முன்னால் வந்தது. அஜித்குமாரின் எண்களிலிருந்து ஒரு வீடு அழகாக வந்தது. ஆனால் வீடு எல்லாக் கதையிலும் இருந்ததால் எந்தப் புத்தகம் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஜெயப்ரியாவின் ரயிலில் ஓர் எண் இடம் மாறி, சக்கரம் கூரைமேல் ஏறிக்கொண்டது. கனிமொழியின் படகை அகல்யா ஒரே மூச்சில் இழுத்து முடித்தாள். பாய்மரம் வந்ததுமே பாதி வகுப்பு புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டது.

"அடுத்தது காவ்யா," என்ற டீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "கோகுல்ராஜ், நீ வந்து வரை."

மறதிக்காரன் கையில் காவ்யாவின் தாள்.

கோகுல்ராஜ் குறிப்பைப் படிக்கவில்லை. நேராக எண்களுக்குப் போய், கோடுகள் வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தான். அடுத்த புள்ளி. அடுத்தது. காவ்யா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கனிமொழி பெஞ்சுக்கு அடியில் அவள் காலை மிதித்தாள், எழுந்துவிடாமல் இருக்க. கோகுல்ராஜ் மூன்று வரிசை வைத்துவிட்டு இழுக்கத் தொடங்கினான். கயிற்றுக் கட்டிலின் முதல் கயிறு விழுந்தது.

அவன் நின்றான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இன்னா இது, வெறும் குறுக்குக் கோடா போவுது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாளை மேலும் கீழும் திருப்பினான். அப்போதுதான் மேலே இருந்த இரண்டு வரிகள் அவன் கண்ணில் பட்டன. உதடு அசையப் படித்தான். உள்ளங்கையால் போர்டைத் துடைத்தான்.

இந்த முறை கட்டங்கள். சாக்பீஸ் தூள் சட்டையில் கொட்ட, ஒவ்வொன்றாக நிரப்பினான். கால், வயிறு, பாதி மூக்கு, ஒரு கண். "காதுடா அது," என்றான் அஜித்குமார். "இல்ல, பானை," என்றது வேறொரு குரல். வலப்பக்கம் முடிந்ததும் கோகுல்ராஜ் தாளை மேசைமேல் வைத்துவிட்டான். இடப்பக்கத்துக்கு அவனுக்கு எண்களே தேவைப்படவில்லை. இந்தப் பக்கத்தைப் பார்த்து அந்தப் பக்கம் நிரப்பிக்கொண்டே போனான். மூக்கின் இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டன. இரண்டாவது கண் திறந்தபோது வகுப்பு முழுவதும் ஒரே குரலில் வௌவால் பள்ளிக்கூடக் கதையின் பெயரைச் சொன்னது.

டீச்சர் குறிப்பை இரண்டு முறை படித்தார். "பாதியைச் சொல்லி முழுசை வாங்கிட்டீங்க. நூறுக்குள்ளதான் இருக்குது. சரி. கோகுல்ராஜ், சாவியைக் கொடு."

ஆச்சரியம், சாவி அன்று அவன் பையிலேயே இருந்தது. எடுத்து நீட்டியவன் உடனே போகவில்லை. போர்டிலிருந்த ஆந்தையைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் புக்கை நான் படிச்சதில்ல. வௌவாலுங்க கடைசியில எழுதக் கத்துக்குதா?"

"சொல்ல மாட்டேன்," என்றாள் காவ்யா. "மதியம் வா. பீரோ தொறந்துதான் இருக்கும்."

"மதியம் மேட்ச் இருக்குதே."

"அவுட் ஆனதும் வாடா," என்றாள் கனிமொழி. "எப்படியும் ஜல்தியா வந்துடுவே."