வாசலில் நிற்கிறவர்

முகேஷ் அந்த ஆளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்ததும் பந்தலில் அழுகை நின்றுபோனது. ஐஸ் பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பாண்டிமீனா எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

"இடிச்சுக் கொன்னுட்டு எழவுக்கு வேற வாரியாடா?" தம்பியின் குரல் கிழிந்தது.

"நான் இடிக்கலண்ணே. ரோட்டுல கெடந்தாரு, தூக்கிட்டுப் போனேன். அம்புட்டுதான்."

"இடிக்காதவன் எதுக்குடா வண்டிய நிப்பாட்டுவான்?"

பந்தலில் இருந்த ஆண்கள் பலர் தலையாட்டினார்கள். நியாயமான கேள்வி என்றே எல்லோருக்கும் பட்டது. காலம் அப்படி.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் அப்பா வீரணன். இன்றைக்கும் விடியும் முன்னே மொபெட்டில் கிளம்பியவரை விளாங்குடி தாண்டுவதற்குள் ஏதோ ஒரு வண்டி தட்டிவிட்டுப் போய்விட்டது. எந்த வண்டி என்று யாருக்கும் தெரியாது. சோழவந்தானிலிருந்து வேனில் வெற்றிலை ஏற்றி வந்த அழகுபாண்டி என்பவன்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதாகப் போலீஸ் சொன்னது. போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அறுத்துத் தைத்து, மதியத்துக்கு மேல்தான் உடலைக் கொடுத்தார்கள். அம்மா தங்கப்பொண்ணு அதைப் பார்த்து மயங்கியவள், இன்னும் உள்ளறையில் கிடக்கிறாள்.

அந்த அழகுபாண்டிதான் இப்போது வாசலில் நின்றான். முப்பது வயது இருக்கும். ஒரு கையில் வீரணனின் தூக்குவாளி, மறு கையில் அவருடைய ஒற்றைச் செருப்பு. சட்டையின் இடது பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. முகேஷின் கூட்டாளிகள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தன் கையில் பந்தல் கம்பு இருந்தது. ஒரு அடி விழுந்தால் போதும், அப்பாவின் குழிக்கு மண் தள்ள முகேஷ் இருக்கமாட்டான், லாக்கப்பில் இருப்பான். பாண்டிமீனாவுக்கு அது தெரிந்தது. ஆனாலும் இவன்தான் இடித்திருந்தால் என்று நினைத்த நொடியில் அவளுக்கே கை ஓங்கத்தான் வந்தது.

"விடுடா அவர."

"நீ உள்ள போக்கா."

அவள் போகவில்லை. அழகுபாண்டியையே பார்த்தாள். "நீங்க தூக்கும்போது அப்பாவுக்கு உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. முன் சீட்டுல சாச்சு, ஒத்தக் கையால புடிச்சுக்கிட்டேதான் ஓட்டுனேன்."

"எதாச்சும் பேசுனாரா?"

அவன் முகேஷை ஒருதரம் பார்த்துவிட்டுத் தயங்கினான். "பேசுனாரு. ஆனா எனக்கு வெளங்கலக்கா. தூக்குறப்ப என் மூஞ்சியப் பாத்துக் கும்புட்டாரு. 'ஆண்டவரே, வந்துட்டீகளா'ன்னாரு. அப்பறம் 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்'னு எனக்கே சொல்லிக்கிட்டு வந்தாரு. பாலம் ஏறுனதும் சத்தம் நின்னுருச்சு. வலியில ஒளர்றாருன்னு நெனச்சேன்."

பாண்டிமீனா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள்.

வீரணனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கிறிஸ்தவ சபையில் சேர்ந்த நாளிலிருந்து, வாசலில் யார் வந்து நின்றாலும் "ஆண்டவரு வந்துருக்காரு, தட்டு எடு" என்பார். பிளாஸ்டிக் குடம் விற்கிறவர், கரண்ட் கணக்கு எடுக்கிறவர், தெரு மாறி வந்த குடிகாரர் எல்லோரும் அவருக்கு ஆண்டவர்தான். அவர்கள் சாப்பிட்டு எழுந்ததும் சோறு போட்ட இவரே அவர்களுக்கு 'ஸ்தோத்திரம்' என்று நன்றி சொல்வார். "இன்னைக்கு உங்க ஆண்டவரு ரசத்துல உப்பு இல்லைங்கிறாரு" என்று அம்மா கிண்டல் பண்ணுவாள். பாண்டிமீனாவும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அப்பா அதை அப்படியே நம்பினார் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

"கேட்டியாடா?" என்றாள் தம்பியிடம்.

"கேட்டேன். அதுனால? இடிக்கலைன்னு ஆயிருமா?"

ஆகாது. அவளுக்கும் அது தெரியும். அப்பா அந்த முகத்தில் யாரைக் கண்டாரோ, அவள் கண்ணுக்குத் தூக்கம் கெட்ட ஒரு வண்டிக்காரன்தான் தெரிந்தான்.

"அத போலீசு பாக்கட்டும்." முகேஷின் விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பிறகு அழகுபாண்டியிடம், "வாங்க" என்றாள். "உள்ள வாங்க."

பந்தலே திடுக்கிட்டது. துக்க வீட்டில் வந்தவரை வா என்று சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு துக்கத்தைக் கூப்பிட்டது போல. காலையிலிருந்து அந்த வார்த்தையை அங்கே யாரும் வாயில் எடுக்கவில்லை, பாஸ்டர் வந்தபோதுகூட. பெரியப்பா மொக்கைச்சாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏத்தா, எழவு வீட்டுல சொல்ற சொல்லா அது? இன்னொரு சாவு விழணுமா இந்த வீட்டுல?"

"அப்பா இருந்தா சொல்லிருப்பாரு பெரியப்பா."

கம்பு வைத்திருந்தவன் அதைக் கீழே போடவில்லை.

அழகுபாண்டி படியேறத் துணியாமல், "இல்லக்கா, இதக் குடுத்துட்டுப் போயிர்றேன்" என்று தூக்குவாளியை நீட்டினான். அப்போதுதான் அவள் அவன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்களிலும் உள்ளங்கை ரேகைகளிலும் அப்பாவின் ரத்தம் கறுத்துக் கிடந்தது.

"கை கழுவலையா நீங்க?"

"ஸ்டேஷன்லயே பொழுது போயிருச்சுக்கா."

தூக்குவாளியையும் செருப்பையும் வாங்கிக் கீழே வைத்தாள். வாசல் டிரம்மில் செம்பு நிறையத் தண்ணீர் மோந்து வந்தாள். அவன் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினான். அவளால் ஊற்ற முடியவில்லை. செம்பு சரிந்து தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

முகேஷ் செம்பைப் பிடுங்கினான். அழகுபாண்டியின் தலையிலேயே போடப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாண்டிமீனா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கண் திறந்தபோது, முகேஷ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அந்தக் கைகளில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"நல்லாத் தேய்ங்க" என்றான்.

சிவந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி வாசலில் இறங்கியது. செம்பு காலியானதும் முகேஷ் டிரம்முக்குப் போய் மறுபடியும் மோந்தான்.