டைட்டானியக் கோடு

பிளாஸ்மாவை வீட்டு மாப்பிள்ளை போலத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பத்துக் கோடி டிகிரிச் சூட்டில் காந்தக் கூண்டுக்குள் குதிக்கும். சுவரிலிருந்து துளி உலோகம் வந்து நடுவில் உட்கார்ந்தால் போதும், கோபித்துக்கொண்டு அணைந்துவிடும். அப்படி வரும் அழுக்கை அதன் ஒளியை வைத்து இன்னதென்று சொல்வது சீனாவின் ஹெஃபெய் அணுச்சேர்க்கை ஆய்வுக்கூடத்தில் தாவ் வென்ச்சிங்கின் வேலை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மூன்று வாரமாக அவள் திரையில் டைட்டானியத்தின் ஒளிக்கோடு தெரிகிறது. பிளாஸ்மா இருக்கும் கலனின் உள்சுவரில் டைட்டானியமே கிடையாது. ஆகவே யாரோ எதையோ உள்ளே விட்டுவிட்டார்கள். கலன் வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற ஒவ்வொரு பொருளையும் நோட்டில் எழுதுபவர் ஃபான் மேஸ்திரி. பத்தொன்பது வருடமாக ஒரு ஊசிகூட உள்ளே தங்காததற்காகப் பரிசாகக் கொடுத்து, அவர் அறையில் தொங்கும் சிவப்புக் கொடியை இன்று சாயங்காலம் இறக்கச் சொல்லிவிட்டார் இயக்குநர்.

"என்ன மேஸ்திரி, உள்ள ஸ்பானரை நட்டு வளக்குறீங்களா?" என்று காலையிலேயே ஆரம்பித்தாள் தாவ்.

அவர் வெந்நீர்க் குடுவையின் மூடியைத் திறந்தார். "காய்ச்சா உனக்கும் ஒண்ணு தரேன். நீ போய் உன் சோதனையைப் பாரு, பொண்ணே."

இந்தப் பருவத்தின் கடைசிச் சோதனை அவளுடையது. நடுவில் குந்திய அழுக்கை, அந்த நடுவிலேயே நுண்ணலையால் சூடேற்றி வெளியே தள்ளலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறாள். சிரித்தவர்கள்தான் அதிகம். இன்று விட்டால் மறுபடி வாய்ப்பு கிடைக்காது.

சோதனை தொடங்கியதும் கோடு முதலில் பிளாஸ்மாவின் ஓரத்தில் தலைகாட்டியது. அடர்த்தி ஏற ஏற மெல்ல உள்ளே நகர்ந்து நடுவைப் பிடித்தது. சூடு சரிந்தது. நுண்ணலையைத் திறந்தார்கள். கோடு தயங்கி, மெலிந்து, வந்த வழியே ஓரத்துக்குப் போனது. பிளாஸ்மா அணையவில்லை.

தாவ் துள்ளிக் குதித்தாள். மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து, சுற்றியிருந்த டேப் பிரிந்து, ஒரு கால் தனியே வந்துவிட்டது. குனிந்து எடுத்தாள். காலின் உட்புறத்தில் பொடி எழுத்தில் 'டைட்டானியம்'. திருகு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை.

போன மாதம் தன் கருவியின் சன்னலைத் துடைக்க அவளே கலனுக்குள் இறங்கியிருந்தாள். வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி ஆடியது. டேப் சுற்றிவிட்டவர் மேஸ்திரி. நோட்டில் போகும்போது கண்ணாடி ஒன்று, வரும்போது கண்ணாடி ஒன்று. கணக்கு சரி.

அத்தனை பேர் முன்னால் இயக்குநரிடம் போய், "அந்தத் திருகு என்னோடது சார்," என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. அவள் நிற்காமல் மேஸ்திரியின் அறைக்கு ஓடினாள்.

அவர் ஸ்டூல் மேல் ஏறிக் கொடியின் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"இறங்குங்க! இயக்குநர்கிட்டச் சொல்லிட்டேன். உங்களுக்குத் தெரியும்தானே? ஏன் வாயைத் திறக்கல?"

"திறந்திருந்தா இன்னிக்கு உன்னை அந்தச் சோதனை நாற்காலில உக்கார விட்டிருப்பாங்களா? இது துணிதானே."

காலையில் தான் பேசியதை நினைத்துத் தாவ் வெட்கத்தில் அழுதுவிட்டாள்.

மேஸ்திரி இறங்கி வந்து நோட்டைப் பிரித்தார். "கண்ணை அப்புறம் தொடச்சுக்கலாம். கண்ணாடியைக் குடு, மிச்சம் எத்தனை திருகுன்னு எண்ணணும்."