செவ்வாய்க்கிழமை முட்டைகள்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கேள்வி கேட்டவர்தான் பதிலைத் தேடிப் பிடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. வைக்கோல் கொட்டகையின் கதவுக்குக் கறுப்புச் சாயம் பூசி அதைத்தான் கரும்பலகையாக வைத்திருக்கிறோம். கேள்வி அதில் சாக்பீஸால் ஏறும். பதில் கிடைத்த பிறகுதான் அழிக்கலாம். சட்டம் போட்டது நான். இந்த வீட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை, கணக்கு வாத்தியார், மணி அடிப்பவர் எல்லாமே நான்தான் என்பதால் எதிர்த்துப் பேச ஆளில்லை.

மாணவிகள் இரண்டு பேர். பெரியவளுக்குப் பதின்மூன்று வயது. சின்னவளுக்கு ஏழு; பிடித்தால் விடமாட்டாள் என்பதால் நண்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பண்ணையில் மாடு, கோழி, காய்கறிப் பாத்தி, இவற்றுக்கு நடுவில்தான் படிப்பு. "ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலை?" என்று யாராவது கேட்டுவிட்டால் நான் முக்கால் மணி நேரம் பதில் சொல்வேன். அந்தப் பேச்சு ஆரம்பித்ததுமே என் வீட்டுக்காரருக்குத் தொழுவத்தில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

கணக்குப் பாடம் கோழிகளிடமிருந்து வந்தது. மொத்தம் இருபத்து நான்கு கோழிகள். விடிந்ததும் பெரியவள் கூடையோடு போய் முட்டை எடுத்து வருவாள். நண்டு அவற்றை அடுப்படி மேசையில் வைத்து எண்ணி, சுவரில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட தாளில் நாளுக்கு ஒரு பட்டை வண்ணம் தீட்டுவாள். வாரக் கடைசியில் பெரியவள் சராசரி போடுவாள். நான் "சரி" என்று குறியிடுவேன். பதினெட்டு, இல்லாவிட்டால் பத்தொன்பது. மாதக்கணக்காக அதேதான் வந்துகொண்டிருந்ததால் நான் தாளைப் பெரிதாகப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் கேள்விக் கதவில் கோணல்மாணலான எழுத்தில் புதுக் கேள்வி ஏறியிருந்தது: "செவ்வாய்க்கிழமை கோழிக்கு என்ன?"

நண்டுவைக் கூப்பிட்டேன். "என்னடி இது?"

"நீயே வந்து பாரும்மா." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தாளில் வாரா வாரம் ஒரே இடத்தில் பட்டை குட்டையாக இருந்தது. மற்ற நாட்களில் பதினெட்டு, பத்தொன்பது, இருபது. செவ்வாய்க்கிழமை மட்டும் பதினைந்து, பதினான்கு. பன்னிரண்டு வாரமாக அப்படி. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது தாள்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கோழிக்கு மழை தெரியும், பருந்து தெரியும், தீவனம் வரும் நேரம் தெரியும். கிழமை எப்படித் தெரியும்?

"பாம்பு எடுக்குதோ என்னமோ," என்றார் வீட்டுக்காரர், சாப்பிட்டுக்கொண்டே.

"பாம்பு காலண்டர் பாக்குமாப்பா?" என்றாள் நண்டு. பெரியவள் தட்டில் மிச்சம் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். பசியில்லை என்று நினைத்தேன். எத்தனையோ கவனிக்கிறேன் என்று மார்தட்டிக்கொள்கிறவள், அதைக் கவனிக்கவில்லை.

நண்டு வேலையில் இறங்கினாள். திங்கட்கிழமைத் தீவனத்தைத் தராசில் எடை போட்டாள். தண்ணீர்த் தொட்டியை அளந்தாள். ஒவ்வொரு கோழியாகப் பிடித்து முகத்துக்கு நேரே வைத்து விசாரித்தாள். அதில் ஒன்று மூக்கில் கொத்திவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு முன்னாலேயே எழுந்து, கூடு கூடாகக் கைவிட்டு எண்ணிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்து படுத்துக்கொண்டாள். பிறகு மேசையில் கூடையைக் கவிழ்த்து எண்ணினாள். முடித்ததும் என் காதருகில் வந்தாள்.

"கூட்டுல பத்தொன்பது இருந்துச்சு. கூடையில பதினஞ்சுதான் இருக்கு. கோழி மேல தப்பில்லம்மா. நடுவுலதான் யாரோ எடுக்கறாங்க."

கோழிக்கூட்டுக்கும் அடுப்படிக்கும் நாற்பது தப்படி இருக்கும். அந்த வழியில் நடக்கிறவள் என் பெரிய மகள் ஒருத்திதான். வேலியே பயிரை மேய்கிறதா என்று திக்கென்றது. ஆனால் சட்டம் சட்டம்தானே, "நீயாடி எடுத்தே?" என்று கேட்காமல், போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வாரம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்று தெரியும்.

மறு செவ்வாய்க்கிழமை காலையில் நானும் நண்டுவும் வைக்கோல் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டு, கேள்விக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தோம். ஆறு மணிக்குப் பால்வண்டி வந்தது. வழக்கமாக வருகிறவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை; அன்று மட்டும் மாற்று ஆளாக ஒரு மீசைக்காரர் வருவார். அவர் பால் கேன்களை ஏற்றி முடித்ததும் பெரியவள் கூடையோடு வந்தாள். நான்கு முட்டைகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு மீசைக்காரர் ஒருவர் மடித்த தாள் கொடுத்தால் எந்தத் தாய்க்கு என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது. கையில் கிடைத்த விளக்குமாற்றோடு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தேன்.

"ஐயோ அக்கா! நான் ஒண்ணும் பண்ணலக்கா!" மீசைக்காரர் இரண்டு முட்டைகளைக் கீழே போட்டுவிட்டார். "கணக்குத் தாள்க்கா அது! எம் பொண்ணு குடுத்து விட்டா!"

"எதுக்கு முட்டை?"

"நீங்கதான் குடுத்து விடறீங்கன்னு நெனச்சேன்க்கா. வாராவாரம் எதுக்குடா இவங்களுக்கு நம்ம மேல இவ்ளோ பாசம்னு எங்க வீட்டுலகூடப் பேசிக்கிட்டோம்."

பெரியவள் ஓடவும் இல்லை, அழவும் இல்லை. தாளை என்னிடம் நீட்டினாள். உள்ளே அவள் கையெழுத்தில் பத்துக் கணக்குகள். அவற்றின் மேல் சிவப்பு மையில் வேறு யாரோ ஒருவருடைய கை ஓடியிருந்தது. நூற்றுக்கு அறுபத்தொன்று. பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் அதே சிவப்பு மையில்: "இது யார்? வந்து பார்க்கவும்."

மீசைக்காரரை அனுப்பிவிட்டு அவளைக் கொட்டகையில் உட்காரவைத்தேன். மெதுவாகத்தான் சொன்னாள். அவர் மகள் பக்கத்து ஊர்ப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். கணக்கு டீச்சர் வாரா வாரம் கொடுக்கும் கேள்விகளை அந்தப் பெண் நகல் எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். இவள் அவற்றைப் போட்டுப் பார்த்து ஒளித்து வைத்துக்கொள்வாள். போன வாரம்தான் முதல் தடவையாக, தன் விடைத்தாளைக் கட்டோடு கட்டாகச் செருகிவிடும்படி சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"முட்டை எதுக்குடி?"

"எதையும் இனாமா வாங்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

"கேள்வி வேணும்னா நான் எழுதித் தர மாட்டேனா? திருத்தறதுக்கு நான் இல்லையா?"

"நீ திருத்துனா நீ திருத்துன மாதிரிதாம்மா இருக்கும்." அவள் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என்னைத் தெரியாத ஒருத்தங்க பாத்தா நான் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

எனக்கு வலித்தது. பொய் சொல்லவில்லை, அந்தச் சிவப்பு மையின் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. எட்டு வருஷமாக நான் போட்ட "சரி"கள் எல்லாம் எங்கே போயின? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாளே. பொறாமை கோபமாக மாற அதிக நேரம் ஆகவில்லை. என் பெண்ணுக்கு அறுபத்தொன்றா? அந்த டீச்சர் என்ன கிழித்துவிட்டாள் என்று பார்த்துவிடுகிறேன்!

பேனாவோடு அடுப்படி மேசையில் உட்கார்ந்தேன். ஒன்பது மதிப்பெண் வழிமுறை காட்டாததற்குப் போயிருந்தது. சரி, அது பெரியவளின் சோம்பேறித்தனம். முப்பது மதிப்பெண் மூன்று கணக்குகளில் போயிருந்தது. மூன்றும் சராசரிக் கணக்குகள். போட்டுப் பார்த்தேன். அவள் விடைதான் எனக்கும் வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான்.

"என்னங்க," என்று கூப்பிட்டேன். "சராசரி எப்படிப் போடுவீங்க?"

வீட்டுக்காரர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் கூட்டி, எத்தனை இருக்கோ அத்தனையால வகுக்கறது."

"முதல்ல பெருசுல ஒண்ணு, சிறுசுல ஒண்ணு அடிக்கணுமில்ல?"

"நீ அடிப்பே. நான் அடிக்கறதில்ல."

கல்யாணத்துக்கு முன் நான் ஒரு பால்பண்ணையில் வேலை பார்த்தேன். அங்கே மாட்டுக்கு வாரச் சராசரி அப்படித்தான் போடுவார்கள். ஒரு நாள் கன்று திருட்டுத்தனமாகக் குடித்துவிடும். ஒரு நாள் முந்தின நாள் பாலும் சேர்ந்து கறக்கும். அதனால் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் அடித்துவிட்டு மிச்சத்தைத்தான் கூட்டுவார்கள். உலகம் முழுக்கச் சராசரி என்றால் அதுதான் என்று நினைத்து, என் பெண்ணுக்கும் கண்ணும் கருத்துமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"மூணு வருஷமா நான் சராசரி சொல்லிக் குடுக்கறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலையே," என்றார் அவர், ஒரு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு. "தெரிஞ்சவங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்டே. யானைக்கும் அடி சறுக்கும், விடு."

"யாரு யானை?" என்றேன். அவர் மறு பூட்ஸைக் கழற்றாமலே தொழுவத்துக்குப் போய்விட்டார்.

தனியாக உட்கார்ந்து சுவரிலிருந்த முட்டைத் தாளைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. வாரத்தின் மிகச் சிறிய எண் எப்போதும் செவ்வாய்க்கிழமையுடையது. அதைத்தான் வாரா வாரம் முதலில் அடித்துவிட்டு, மிச்சத்துக்குச் சராசரி போட்டு, பதினெட்டு, எல்லாம் சரி என்று நான் குறியிட்டிருக்கிறேன். பன்னிரண்டு வாரமாக என் பெண் ஏதோ ஒன்றுக்கு ஏங்கியது அந்தத் தாளில் இருந்தது. சராசரி தெரியாத ஏழு வயதுக் குழந்தையின் கண்ணுக்குத்தான் அது தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பெரியவள் கேள்விக் கதவில் எழுதியிருந்தாள்: "பள்ளிக்கூடம் உள்ளே எப்படி இருக்கும்?" நான் அங்கேயே நின்று என் முக்கால் மணி நேரப் பதிலைச் சொல்லிவிட்டு, என் முந்தானையாலேயே அதைத் துடைத்துவிட்டேன். அந்தக் கதவில் கேட்டவள் தேடாமல் அழிந்த ஒரே கேள்வி அதுதான். சட்டத்தை மீறியது யார் என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை சாக்பீஸை எடுத்து அதே இடத்தில் அதே கேள்வியை என் கையால் எழுதினேன். பெரியவள் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ ஏற்கெனவே பதில் சொல்லிட்டியேம்மா."

"நான் சொன்னது செல்லாது. போய்ப் பாத்துட்டு வந்து நீ அழி."

அடுத்த செவ்வாய்க்கிழமை பால்வண்டியின் முன் சீட்டில் நாங்கள் இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போனோம். மீசைக்காரர் வழி முழுவதும் என் கையில் விளக்குமாறு இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கணக்கு டீச்சர் என்னைவிடச் சின்னவள்; விரல் நுனியெல்லாம் சிவப்பு மை. தாளை நீட்டியதும் அவள் கண் விரிந்தது.

"இது யாரு?"

"நான்தான்," என்றாள் என் மகள்.

டீச்சர் மூன்று சராசரிக் கணக்குகளையும் விரலால் தொட்டுக் காட்டினாள். "இந்தத் தாளை ஒரு வாரமா யோசிச்சுக்கிட்டிருக்கேன். மூணும் தப்பு. ஆனா மூணும் ஒரே மாதிரி தப்பு. யாரோ ரொம்ப ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்காங்க. அது யாருன்னு தெரிஞ்சுக்காம எனக்குத் தலையே வெடிச்சிரும் போல இருந்துச்சு."

"அது நான்," என்றேன். பால்பண்ணையையும் கன்றுக்குட்டியையும் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் போகட்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

முதலில் வாரத்தில் ஒரு நாள் வந்து உட்காரட்டும், பிறகு அவளே சொல்லட்டும் என்று முடிவாயிற்று. தலைமையாசிரியரும் சம்மதித்தார். எந்த நாள் என்று கேட்டபோது என் மகள் யோசிக்கவே இல்லை. திரும்பி வரும்போது வண்டியில் என் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் முட்டை குறைவதில்லை. முட்டைத் தாளில் எல்லாப் பட்டையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பதால் நண்டுவுக்கு அலுத்துவிட்டது. எண்ணுவதற்கு வேறு ஏதாவது வேண்டுமே, மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள். வாரம் முடிந்ததும் தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி நாலு, நாலு, மூணு, நாலு, நாலு, நாலு, நாலு. அவளுக்கும் சராசரி சொல்லிக்கொடுக்கும் வயது வந்துவிட்டது.

"அம்மா," என்றாள், பென்சிலை அந்த மூணின் மேல் வைத்துக்கொண்டு. "இந்தச் சின்னதை அடிச்சிடலாமா?"

கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தேன். கதவில் என் எழுத்தில் இன்னும் அழியாமல் இருக்கும் பள்ளிக்கூடக் கேள்வி ஜன்னல் வழியாகத் தெரிந்தது. போன வாரம் பெரியவள் அதன் கீழே "இன்னும் பார்த்து முடியவில்லை" என்று எழுதியிருந்தாள்.

"வேண்டாம்," என்றேன். "அதையும் சேத்துக் கூட்டு."