கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்க வேண்டும்

எங்கள் குடியிருப்பில் யாருக்கும் பெயர் கிடையாது, வீட்டு எண்தான். நான் 1203. எனக்கு நேர் கீழே இருப்பவர் 1103. தென்கொரியாவில், குமி நகரத்துத் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கும் கட்டடங்களில் ஒன்றான 104-இல் நாங்கள் இருக்கிறோம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கான்கிரீட் தளம். அந்தத் தளத்தால்தான் எல்லா வினையும்.

1103-ஐ நினைத்தாலே எனக்குப் பயம். வாசலையே அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. ஏதோ கட்டட வேலை பார்க்கிறார், தோளில் எப்போதும் ஒரு கருவிப் பை. நான் குடிவந்த புதிதில் என் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘குதிகாலை ஊன்றி நடக்காதீர்கள். கீழே மனிதர்கள் இருக்கிறோம்.’ நானா? வீட்டுக்குள் மெத்துமெத்தென்ற செருப்பு போட்டுக்கொண்டு பூனை மாதிரி நடப்பவள் நான். சத்தம் எந்த வீட்டில் கிளம்பினாலும் சுவருக்குள் புகுந்து எங்கெங்கோ ஓடும். பழி மட்டும் நேர் மேல்வீட்டுக்கு.

ஒரு சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. கதவுக் கேமராவின் திரையில் பார்த்தால் அவர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றேன். அவர் போகவே இல்லை. கேமராவையே முறைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். ‘என்ன தொல்லையாக இருந்தாலும் நேராக மேலே போகக் கூடாது, எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அதோடு விட்டேனா? அவர் குளியலறையில் பிடிக்கும் சிகரெட்டின் புகை காற்றுக் குழாய் வழியாக என் குளியலறைக்குள் வருகிறது என்று அதற்கும் ஒரு புகார். அதன் பிறகு லிஃப்டில் எதிர்ப்பட்டால் அவர் பேசமாட்டார். கதவைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடிப்பார், தாடை அசைவது தெரியும்.

தனியாக இருக்கும் பெண்கள் செய்கிற வேலையை நானும் செய்தேன். வாசல் கதவுக்கு எண்ணை அழுத்தித் திறக்கும் பூட்டு வாங்கிப் போட்டேன். பழைய பொருள் கடையில் ஆண்களின் பெரிய பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வாசலுக்குள் போட்டு வைத்தேன். உணவு கொண்டு வருகிறவன் வந்தால், உள்ளே திரும்பி, "என்னங்க, சாப்பாடு வந்துடுச்சு!" என்று இல்லாத புருஷனுக்கு ஒரு குரல் கொடுப்பேன். இருந்த புருஷனுக்குக்கூட நான் அவ்வளவு அன்பாகக் குரல் கொடுத்ததில்லை.

இந்தச் சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. ஆண்டோங்கில் இருக்கும் தங்கையிடம், தொழிற்சாலையில் பண்டிகை ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள் என்றேன். தொழிற்சாலையில், தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றேன். பெரியம்மாக்கள் சுற்றி உட்கார்ந்து, "உனக்கு இன்னொரு மாப்பிள்ளை பாக்கட்டுமா?" என்று கேட்பதை எத்தனை வருடம்தான் தாங்குவது? எனக்கே எனக்கென்று மாட்டு விலா வாங்கி, சோயா ஊற்றி, பேரிக்காய் அரைத்துப் போட்டு, அடுப்பை மெல்ல எரியவிட்டேன். வேகிற நேரத்தில் குளியலறையைக் கழுவலாமென்று உள்ளே போனேன். ஈரம் கூடத்துக்கு வராமல் இருக்கக் கதவைச் சாத்தினேன்.

கழுவி முடித்துக் கைப்பிடியைத் திருகினேன். உருண்டை வெறுமனே சுற்றியது. இந்தப் பக்கம் சுற்றினாலும் சரி, அந்தப் பக்கம் சுற்றினாலும் சரி, உள்ளே எதையும் அது பிடிக்கவில்லை.

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கைப்பேசி சமையல் மேடையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. அதற்கும் பிறகு அடுப்பு.

தோளால் கதவை இடித்தேன். தோள்தான் வலித்தது. சன்னலில்லாத அறை. நான்கு பக்கமும் ஓடு, மேலே காற்றுக் குழாயின் சின்னக் கம்பி வலை. அதன் விசிறி கோடையிலேயே செத்துவிட்டது, மாற்றச் சோம்பல். தங்கை தேடமாட்டாள், தொழிற்சாலை தேடாது. யாருமே தேடாதபடி நானே பக்காவாக ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். கதவிடுக்கு வழியாக விலாவின் மணம் வந்துகொண்டிருந்தது. நல்ல மணம். இன்னும் தண்ணீர் வற்றவில்லை என்று அர்த்தம்.

உட்காரும் பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துச் சுவரில் இடித்தேன். "யாராவது இருக்கீங்களா? காப்பாத்துங்க!" என்று கத்தினேன். என் குரல் ஓட்டில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. பாதிக் குடியிருப்பு ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தது. விடாமல் இடித்தேன். மேலிருந்து யாரோ பதிலுக்கு இடித்தார்கள். எனக்கு உயிரே வந்தது. நான் மறுபடி இடிக்க, அவர்களும் மறுபடி ஓங்கி இடித்தார்கள். அப்போதுதான் புரிந்தது. அது பதில் இல்லை, பழிவாங்கல். நானும் எத்தனையோ தடவை துடைப்பக் கட்டையால் கூரையில் அப்படி இடித்தவள்தான்.

கொஞ்ச நேரத்தில் கூடத்து ஒலிபெருக்கி கரகரத்தது. பராமரிப்பு அலுவலகத்து அறிவிப்பு.

"குடியிருப்போர் கவனத்துக்கு. 104ஆம் கட்டடத்துல சுத்தியலால அடிக்கிற சத்தம் கேட்குதுன்னு புகார் வந்திருக்கு. குடும்பத்தோட சந்தோஷமா இருக்க வேண்டிய பண்டிகை நாளு. தயவுசெய்து பக்கத்து வீட்டுக்காரங்களையும் நெனைச்சுப் பாருங்க. நன்றி."

"அடப் பாவிகளா! நான்தான்டா அது!" என்று அலறினேன். ஒலிபெருக்கிக்குக் காதா இருக்கிறது? டக்கென்று நின்றுவிட்டது.

விலாவின் மணம் மாறத் தொடங்கியது. அடிப்பிடிக்கிற மணம். சோயாவில் போட்ட சர்க்கரை கருகுகிறது. அடுத்து பாத்திரம், அடுத்து மேலே தொங்கும் துணி. நான் ஈரத் துண்டைக் கதவின் அடியில் திணித்தேன். துண்டு சரியாகப் போகவில்லை.

அப்போது இன்னொரு வாசனை வந்தது. மேலே கம்பி வலையிலிருந்து. சிகரெட்.

எத்தனை தடவை அந்தப் புகையைத் திட்டியிருப்பேன்! கழிப்பறை மூடிமேல் ஏறி, வலையில் வாயை வைத்துக் கத்தினேன்.

"கீழ்வீட்டுக்காரரே! 1103! கேட்குதா?"

குழாய்க்குள்ளிருந்து ஒரு இருமல். பிறகு கனத்த குரல்.

"சரி தாயே, அணைச்சுட்டேன்! நாள் கிழமையிலகூட ஒரு மனுசன நிம்மதியா விடமாட்டியா? போ, போய் இதையும் ஆபீசுல சொல்லு!"

கீழே கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் புகை இன்னும் உள்ளே போகும். இறங்கினேன். அவருக்கு எது பிடிக்காதோ அதைச் செய்தேன். குதிகாலைத் தூக்கித் தூக்கித் தரையில் இடித்தேன். முக்காலியைத் தரையில் அடித்தேன், அது உடைந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறிக் குதித்தேன். இத்தனை நாள் அடக்கி வைத்த அத்தனை சத்தத்தையும் அந்த மனிதரின் தலையில் கொட்டினேன். வா, கோபத்தோடு வா, எப்படியாவது வா.

கீழே கதவு படீரென்று திறந்தது.

"ஏய்! உனக்குப் பைத்தியமா? என்னதான் வேணும் உனக்கு?"

மறுபடி மூடிமேல் தாவி ஏறினேன். "அண்ணே! போகாதீங்க அண்ணே! நான் குளியலறையில மாட்டிக்கிட்டேன். கைப்பிடி உடைஞ்சு போச்சு. அடுப்புல பாத்திரம் எரியுது!"

ஒரு வருடமாக 1103-ஆக இருந்தவர் ஒரு மூச்சில் அண்ணனாகிவிட்டார்.

குரல் மாறி வந்தது. "அப்ப இடிச்சதெல்லாம் நீங்கதானா? வீட்டுல அவர் எங்க? பெரிய பூட்ஸ் கிடக்குமே, உங்க வீட்டுக்காரர்?"

என் கதவு திறந்திருக்கும்போது என் வாசலைப் பார்த்திருக்கிறார். எப்போது பார்த்தார்? எத்தனை தடவை?

"அப்படி யாரும் இல்லண்ணே. நான் மட்டும்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

"சரி, நான் 119-க்கு போன் போடுறேன். தீயணைப்பு வண்டி வந்துடும்."

அதுதான் நல்லது என்று மனது துள்ளியது. சீருடை போட்டவர்கள் வருவார்கள், நாலைந்து பேராக வருவார்கள். ஆனால் துண்டைத் தாண்டிப் புகை உள்ளே நுழைந்துவிட்டது. விளக்கைச் சுற்றிப் பழுப்பாகத் தெரிந்தது. இருமல் நெஞ்சைப் பிய்த்தது. வண்டி ஆற்றங்கரைப் பாலத்தைத் தாண்டி வர வேண்டும். இன்று அந்தப் பாலத்தில் ஊருக்குப் போகிற கார்கள் நகராமல் நிற்கும்.

"போன் போடுங்க. ஆனா நீங்களும் வாங்க. சீக்கிரம்."

"கதவு பூட்டியிருக்கே. நம்பர்?"

நான் யாருக்குப் பயந்து இந்தப் பூட்டை வாங்கிப் போட்டேனோ, அவரே கேட்கிறார். சொன்னால், நான் தனியாள் என்று தெரிந்த அந்த மனிதரின் கையில் என் வீடு. சொல்லாவிட்டால் இந்த ஓட்டுத் தரைதான்.

"நம்பர் சொல்லுங்கம்மா! புகை எங்க வீட்டுக்கே வருது!"

"பூஜ்யம், நாலு, ஒண்ணு, ஏழு. கடைசியில நட்சத்திரம்."

அது எனக்கு விவாகரத்து ஆன தேதி. அவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். அந்தக் குழாய் எல்லா மாடிக்கும் போகிறது.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, வாயில் ஈரச் சட்டையை வைத்துக்கொண்டேன். கழிப்பறை கழுவும் தூரிகையைக் கையில் பிடித்திருந்தேன். அதை வைத்து அவரை என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

வெளியே பூட்டின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கூவின. ஒரு தடவை தப்பாக அழுத்தினார், பூட்டு கத்தியது. மறுபடி அழுத்தினார். கதவு திறக்கும்போது வரும் அந்தச் சின்ன இசை கேட்டது. என் கையைத் தவிர வேறு யார் கையாலும் கேட்கக் கூடாது என்று நான் ஒரு வருடமாகப் பயந்த இசை.

கனமான காலடிகள் என் கூடத்தில் நடந்தன. தரை அதிர்ந்தது. நடக்கத் தெரியாதவர் அவர்தான் என்று அந்த நிலையிலும் தோன்றியது. அடுப்பின் குமிழ் டக்கென்று திரும்பியது. பாத்திரம் தண்ணீரில் சீறியது. சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பிறகு காலடிகள் குளியலறைப் பக்கம் வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றன. அவர் மூச்சு வாங்குவது கேட்டது. நான் தூரிகையை இறுக்கிப் பிடித்தேன்.

"தள்ளி நில்லுங்க."

உலோகம் உரசியது. திருப்புளி சுற்றியது. உருண்டை என் காலடியில் விழுந்து உருண்டது. அது இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் அவர் கண் தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை.

"இப்பத் தள்ளினா திறந்துக்கும். நான் வெளிய போயிடுறேன், அப்புறம் வாங்க. 119-க்குச் சொல்லிட்டேன், தீ அணைஞ்சிடுச்சுன்னு. பாத்திரம் போச்சு, மத்ததெல்லாம் அப்படியே இருக்கு."

காலடிகள் தள்ளிப் போயின. வாசல் கதவு சாத்திக்கொண்டது.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வீடு முழுக்கக் காற்று. மூச்சை இழுத்து இழுத்துக் குடித்தேன். பிறகு நான் என்ன செய்தேன்? நேரே வாசலுக்கு ஓடினேன். உள்தாழை அறைந்து போட்டேன். அது வெடி மாதிரி சத்தம் போட்டது. சங்கிலியையும் மாட்டினேன். அப்புறம்தான் கேமராத் திரையைப் பார்த்தேன்.

அவர் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், லிஃப்டுக்காக. கருவிப் பை ஒரு கையில். அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்த இரண்டு செருப்பும் வேறு வேறு ஜோடி. தாழ் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. தலை லேசாக இந்தப் பக்கம் திரும்பியது, பிறகு குனிந்தது. லிஃப்ட் வருவதற்கு முன்பே அவர் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். சத்தம் வராமல், குதிகாலை ஊன்றாமல் நடந்தார்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. நன்றி என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக் கதவைத் திறக்க வேண்டும். கை சங்கிலியிலேயே இருந்தது. நான் திறக்கவில்லை.