கோதுமைச் சத்தியம்

ஆண்டாள் அத்தை கேசரியை மூன்று விரலால் உருட்டி என் வாயருகே நீட்டியபோது நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். முழுங்கு என்று அர்த்தம். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மாவே தன் கையால் ஊட்டுகிறாள் என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. "எனக்கு சக்கர இருக்குது கண்ணு. என் பங்கையும் நீயே சாப்டு" என்றாள் அத்தை. தன் சர்க்கரை வியாதியை அவள் கழுத்துச் சங்கிலியைப் போல நாலு பேர் கண்ணில் படும்படிதான் போட்டுக்கொண்டிருந்தாள். என் வியாதிக்கு அந்த யோகம் இல்லை. முழுங்கினேன்.

என் வியாதியின் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையாது. வருஷக்கணக்கில் வயிற்றுப்போக்கு, வாந்தி, குச்சியான கை கால், அதற்கு நடுவே பானை மாதிரி ஒரு வயிறு. பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். வயிறு கெட்டவளுக்கு அதுதான் நல்லது என்று அப்பா உளுந்தூர்பேட்டையிலிருந்து பன்னும் ரொட்டியும் வாங்கிவந்து பாலில் நனைத்துக் கொடுத்தார். நான் செத்துப் பிழைத்தேன். கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் தொண்டை வழியாகக் குழாயை விட்டு, குடலில் துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்துச் சொன்னார்: கோதுமை ஆகாது. ரவை, மைதா, சேமியா, பன், பிஸ்கட் எதுவும் இந்த ஜென்மத்துக்குக் கூடாது. நிறுத்தினோம். வெள்ளிமலைச் சாமையும் சோறும் சாப்பிட்டு என் கன்னத்தில் சதை பிடித்தது. எனக்குச் சதை பிடித்ததும் அம்மாவுக்குக் கல்யாண ஆசை பிடித்தது. ஜாதகத்தை வெளியே கொடுத்த அன்றே ஆஸ்பத்திரிச் சீட்டை அடுப்பில் போட்டாள். "ஆயுசுக்கும் வியாதின்னா எவன்டி கட்டுவான்? போற எடத்துல நைசா ஒதுக்கி வெச்சிட்டு சாப்டுக்கினு இரு" என்றாள்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முன்னால் பெண்ணைப் பார்த்துவிடலாம் என்று அத்தையும் அவள் மகன் தீனதயாளனும் விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து வாடகைக் காரில் வந்தார்கள். பேசிப் பேசி இருட்டிவிட்டது, தங்கிவிட்டார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மறியலுக்கு வர வேண்டும் என்று ஊரில் கட்டுப்பாடு. விருந்தாளிகள் எழுவதற்குள் திரும்பிவிடலாம் என்று விடியலில் கோடாலியோடு போன அப்பா, எலவனாசூர்கோட்டை ரோட்டில் ஒரு புளியமரத்தைச் சாய்த்துவிட்டு வேர்வையும் பெருமையுமாக வந்தார். வாசலில் அந்தக் கார் நிற்பதைப் பார்த்த பிறகுதான், எந்த ரோட்டை மறித்தோம் என்பது அவர் மண்டையில் உறைத்தது. இனி ஒரு வாரத்துக்கு யாரும் எங்கேயும் போக முடியாது.

அத்தைக்கு டாக்டர் சொன்னது கோதுமை. எனக்கு டாக்டர் வேண்டாம் என்றதும் அதே கோதுமை. ரேஷன் கோதுமை ஒரு மூட்டை வீட்டில் இருந்தது. அம்மா காலையிலும் இரவிலும் சப்பாத்தி தேய்த்தாள். "தனியா சாப்ட்டா எனக்கு எறங்காது, நீயும் உக்காரு கண்ணு" என்று அத்தை என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வாள். அம்மா என் தட்டிலும் இரண்டு வைப்பாள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் சொம்பைத் தூக்கிக்கொண்டு கரும்புக் கொல்லைக்கு ஓடுவேன். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் நிற்க முடியாது.

"சொல்லிடும்மா, என்னால முடியல" என்று அழுதேன்.

"பல்லக் கடிச்சிக்கினு இருடி. ரோடு தொறந்ததும் உனுக்கு சாமக் கஞ்சி காச்சித் தரேன்."

நானும்தான் பல்லைக் கடித்தேன். எனக்குத் தீனதயாளனைப் பிடித்திருந்தது. கிணற்றடியில் நான் தண்ணீர் இறைக்கும்போது வந்து வாளியை வாங்கிக்கொண்டு, "இந்த ஊர்ல இன்னா இம்மாம் கொசு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு சப்பாத்தி சாப்பிடலாம் என்று இருந்தது. புத்தி கெட்டவள்.

மறியலின் நாலாம் நாள், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே அத்தை நிற்கிறாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. புடைத்திருந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது கடைசியாக விலக்கானாய் என்று கேட்டாள். இந்த நோயில் அதுவும் தாறுமாறாகத்தான் வரும். உண்மையைச் சொன்னேன். ரெண்டு மாசம் ஆச்சு அத்தை.

கண்ணு என்ற வார்த்தை அத்தோடு போயிற்று. "கமலா!" என்று அம்மாவை வீடு அதிரக் கூப்பிட்டாள். "எத்தினி மாசம்னு உன் பொண்ணையே கேளு. எவனோ குடுத்தத என் புள்ள தலையில கட்டப் பாக்கறியா?"

அம்மா அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். பாண்டிச்சேரி, குழாய், குடல், கோதுமை. ஒளித்து வைத்த உண்மை வெளியே வரும்போது பொய்யைவிடக் கேவலமாக இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அத்தை சிரித்தாள்.

"ஊரு ஒலகத்துல நோயாளிக்கே கோதுமதான் குடுக்கறாங்க. அத துன்னு வயிறு வீங்குதாம். சீட்டு எங்க?"

"எரிச்சிட்டேன் சம்பந்தி."

"நல்லா எரிச்ச. உளுந்தூர்பேட்டைக்கு கூட்டினு போயி லேடி டாக்டர்கிட்ட காட்டலாம்னா, ரோட்டயும் உன் வூட்டுக்காரு அடைச்சிட்டாரு."

எங்கள் ஊரில் ஒருவர்மேல் பழி விழுந்தால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய சத்தியம் தோன்றிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சூடமெல்லாம் எதுக்குங்க? இதோ இப்பவே உங்க கண்ணு முன்னால சாப்ட சொல்றேன். வாந்தி வரதா இல்லியா, நீங்களே பாத்துக்குங்க."

நான் தீனதயாளனைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை, அதுகூட வேண்டாம், எழுந்து வெளியே போயிருந்தால் போதும். அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "சாப்ட்டுதான் காட்டட்டுமே. இன்னா இப்போ?"

கூடத்து நடுவில் தட்டைப் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். அத்தை சுவரில் சாய்ந்து, என் வயிறு தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். மூன்று சப்பாத்தி சாப்பிட்டேன். தண்ணீர் குடித்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். வெளியே சேவல் ஒன்று கூவியது. இத்தனை நாள் கேட்காமல் கொள்ளாமல் என்னைச் சந்தி சிரிக்கவைத்த பாழாய்ப்போன வயிறு, அன்று கல்லாக உட்கார்ந்திருந்தது. குமட்டல்கூட இல்லை. வா, வந்து தொலை என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். வாழ்க்கையில் முதல்முறையாக வாந்திக்காகச் சாமியைக் கும்பிட்டேன்.

அத்தை மகனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "பாத்தியாடா? நல்லா ஜீரணம் ஆவுது."

"இருங்க, இருங்க" என்று அம்மா அடுப்படிக்கு ஓடினாள். "சில நேரம் லேட்டா வரும். கம்மியா போட்டுட்டேன், அதான்." கல்லில் மாவு தீயும் வாசனை வந்தது. வாட்டிய கையோடு தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து என் எதிரில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். ஒரு சப்பாத்தியைப் பிய்த்தாள்.

"வாந்தி எடுத்துடுடி என் தங்கம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "எப்டியாவது எடுத்துடு."

துண்டிலிருந்து ஆவி பறந்தது. என் நாக்கு சுட்டுவிடக் கூடாது என்று அம்மா அதை ஊதி ஊதி ஆற்றினாள்.